போர்ட்டி நைனர்ஸ் அணி இந்தப் பருவத்தில் ஏன் இப்படித் தோற்கிறது?

கொக்குவில் இளையவன் | 2024 டிசெம்பர் 23, காலை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் துடுப்பாட்டமும் நம்மூர் உதைபந்தாட்டமும்தான் பேசப்படுகின்றன. ஆனால் இரண்டொருவர் அமெரிக்க உதைபந்தாட்டம் பற்றியும் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிவில் கேட்கிறேன்.

என் அத்தான் கலிபோர்னியாவில் சான்டா கிளாராவில் வேலை செய்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு அக்காவுடன் வந்தபோது ஒரு சிவப்புச் சட்டை கொண்டுவந்து தந்தார். முதுகில் 23, மக்காஃப்ரி. சட்டைக்காரர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கப்போய், சான் பிரான்சிஸ்கோ போர்ட்டி நைனர்ஸ் அணியே என் தலையில் ஏறிவிட்டது. சட்டைக்காரரைத்தான் களத்தில் அதிகம் காணக் கிடைக்கவில்லை.

இன்று விடியற்காலை மயாமியிடம் 29-17 என்று தோற்றார்கள். இத்துடன் 6 வெற்றி, 9 தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் முடிந்துவிட்டது. இதே அணி பெப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சூப்பர் போல் இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிற்றியிடம் மேலதிக நேரத்தில்தான், அதுவும் 25-22 என்றுதான் தோற்றது. ஆட்களில் பெரும்பாலானோர் அதே ஆட்கள். தலைமைப் பயிற்றுநரும் அதே கைல் ஷனகன். அத்தானிடம் கேட்டால், "காயம், எல்லோருக்கும் காயம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்துவிடுகிறார். அக்கா நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார்.

வெறும் காயத்தால் ஓர் அணி இவ்வளவு விழுமா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரொறன்ரோ ராசன்

அத்தான் சொன்னது சரி, தம்பி. மக்காஃப்ரி போன பருவத்தில் ஓட்டத்திலும் பந்து பிடிப்பதிலுமாக 2,023 யார்ட் எடுத்து, 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) போட்டவர். இந்த முறை குதிகால் தசைநாண் வீக்கத்தால் முதல் எட்டு ஆட்டங்களிலும் இல்லை. நவம்பரில் வந்தார். நான்காவது ஆட்டத்தில், பஃபலோ பனியில், முழங்கால் போய்விட்டது. அவருக்குப் பதிலாக அதுவரை நன்றாக ஓடிய ஜோர்டன் மேசனும் அதே ஆட்டத்தில் கணுக்கால் திரும்பி வெளியேறினார். பந்து பிடிப்பாளர் ஐயூக்குக்கு ஒக்டோபரில் முழங்கால். தற்காப்பு வீரர் ஹார்கிரேவுக்கு செப்டெம்பரிலேயே கை. அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் வருடாந்தப் புதுமுகத் தெரிவில், முதல் சுற்றில் எடுத்த பியர்சோலைப் பருவம் தொடங்கும் முன்பே சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஒரு கொள்ளை முயற்சியில் நெஞ்சில் சுட்டார்கள். அந்தப் பிள்ளை உயிர் தப்பி ஒக்டோபரில் விளையாட வந்ததே பெரிய காரியம். இவ்வளவும் ஒரே வருடத்தில் நடந்தால் எந்த அணி நிற்கும்? இதில் வேறு இரகசியம் எதுவும் இல்லை.

இளவாலைக் கோல்காப்பாளன்

தம்பி, ராசன் அண்ணையின் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது சாட்டு. இந்த அணி வெல்லப்போன ஆட்டங்களைக் கைவிட்ட விதம் வேறு. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, ஏனென்றால் அதில் பெரிய பெயர்கள் வருவதில்லை.

நான் பள்ளியிலும் பிறகு ஊர்க் கழகத்திலும் கோல் காத்தவன். இப்போது மாலையில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், மழை விட்டால். கோல் காத்தவனுக்கு ஒரு குணம் ஒட்டிவிடும். முன்னால் ஓடுபவர்களின் வித்தையில் மனம் போகாது. ஓட்டை எங்கே என்றே கண் தேடும். போர்ட்டி நைனர்ஸையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

செப்டெம்பரில் நடந்த ராம்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் மக்காஃப்ரி இல்லை, சாமுவேல் இல்லை, கிட்டில் இல்லை. சரி. ஆனால் கடைசிக் கால் பகுதியில் 24-14 என்று முன்னிலையில் நின்றது யார்? நாங்கள்தான். ராம்ஸிலும் கூப், நக்குவா என்ற முதல்தரப் பந்து பிடிப்பாளர்கள் இருவரும் இல்லை. அதன்பின் என்ன நடந்தது? எங்கள் உதைப்பாளர் மூடி 55 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தவறியது. ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கடைசி நிமிடத்தில் நாங்கள் உதைத்துக் கொடுத்த பந்தை ராம்ஸ் வீரர் ஒருவர் 38 யார்ட் திருப்பி ஓடிவந்தார். அவர்களுடைய உதைப்பாளர் வந்து 27-24 என்று கதையை முடித்தார். இதில் எந்த இடத்தில் மக்காஃப்ரி இருந்திருந்தால் தடுத்திருப்பார்? சொல்லும்.

ஒக்டோபரில் அரிசோனா ஆட்டம். பாதி நேரத்தில் 23-10. இரண்டாவது பாதியில் எங்களுக்கு ஒரு புள்ளி கூட இல்லை. 24-23 என்று தோல்வி. அன்று மூடி பந்தை உதைத்துவிட்டு, திருப்பி ஓடிவந்தவரைத் தானே விழுத்தப்போய்க் கணுக்காலை உடைத்துக்கொள்ளாத குறை. உதைப்பாளர் இல்லாததால் மூன்று புள்ளி எடுக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் பணயம் வைத்து ஆட வேண்டி வந்தது. உதைப்பாளன் ஏன் ஆளை விழுத்த ஓடுகிறான்? அவனுக்கு முன்னால் நின்ற பத்துப் பேரும் விட்டதால்தான்.

நவம்பரில் சியாட்டில். 17-13 என்று எங்கள் கையில் ஆட்டம். முடிய 12 வினாடி இருக்கும்போது அவர்களுடைய குவார்ட்டர்பக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜீனோ ஸ்மித், 34 வயது மனிதர், 13 யார்ட் தானே ஓடிவந்து புள்ளி எடுத்துவிட்டார். 20-17.

மூன்று தோல்விகளுக்கும் சேர்த்து வித்தியாசம் ஏழு புள்ளிகள். மூன்றும் ஒரே பிரிவில் இருக்கும் அணிகளிடம். இந்த மூன்றையும் எடுத்திருந்தால் இன்று 9-6 என்று பிரிவில் முதலிடத்தில் இருந்திருப்பார்கள். நீரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்.

இந்த விளையாட்டில் தாக்குதல், தற்காப்பு என்ற இரண்டுக்கும் அப்பால் உதைக்கும் வேளைக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. பயிற்றுநர்கள் வீட்டின் கொல்லைப்புறம்போல மறந்துவிடும் பகுதி அது. சியாட்டிலை நாங்கள் வென்ற ஒக்டோபர் ஆட்டத்தில் கூட, ஒரு தொடக்க உதையை அவர்கள் 97 யார்ட் திருப்பி ஓடிப் புள்ளி எடுத்தார்கள். வென்றதால் அது மறைந்துபோயிற்று. தம்பா ஆட்டத்தில் மூடி திரும்பி வந்து மூன்று உதைகளைத் தவறவிட்டார். சாமுவேல் ஆத்திரத்தில் அவரிடம் போக, உதைக்கும் வேளையில் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கும் வீரர் இடையில் வர, தங்கள் ஆட்களுக்குள்ளேயே கைகலப்பு. கடைசி உதை போனதால் 23-20 என்று வென்றார்கள். அதே நாள் கன்சாஸ் சிற்றி என்ன செய்தது தெரியுமா? டென்வர் உதைப்பாளரின் கடைசி உதையை மறித்து 16-14 என்று வென்றது. அவர்கள் இன்று 14-1. நாங்கள் 6-9. இரண்டு அணிகளுக்கும் பெப்ரவரியில் இருந்த வித்தியாசம் மூன்று புள்ளி. அந்த இறுதிப் போட்டியிலும் எங்கள் மேலதிகப் புள்ளி உதை ஒன்றை மறித்தவர்கள் அவர்கள்தான் என்பதை நினைத்துப்பாரும்.

இனி, காயப்பட்டவனுக்குப் பதிலாக வர ஆள் ஏன் இல்லை? இதுதான் உண்மையான கேள்வி. பதில் 2021இல் கிடக்கிறது. ட்ரே லான்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பக்கை எடுப்பதற்காகப் புதுமுகத் தெரிவில் 12ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்குப் போனார்கள். அதற்கு விலையாக 2022, 2023 முதல் சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்தார்கள். லான்ஸ் சரிவரவில்லை. 2023இல் டலஸுக்கு ஒரு நான்காம் சுற்றுத் தெரிவுக்குப் போனார். அதற்கிடையில் மக்காஃப்ரியை வாங்கக் கரோலினாவுக்கு 2023இன் இரண்டாம் சுற்றையும் கொடுத்திருந்தார்கள். மிஞ்சிய மூன்றாம் சுற்றில் ஒரு தெரிவை எதற்குச் செலவழித்தார்கள்? உதைப்பாளர் மூடிக்கு! இன்று 24, 25 வயதில் தோள் கொடுக்க வேண்டிய ஒரு வரிசையே அணியில் இல்லை. லான்ஸுக்காக அந்தத் தெரிவுகளை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்கிறீரா? இன்று விடிய எங்களை வென்ற மயாமியிடம். மயாமியின் பயிற்றுநர் மைக் மக்டானியலும் ஷனகனுக்குக் கீழே வேலை பழகியவர்தான்.

பருத்தித்துறையாள்

இளவாலை அண்ணை, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கணக்குச் சரி. ஆனால் காயத்தைச் சாட்டு என்று தள்ளியது எனக்குப் பொறுக்கவில்லை. நான் இயன்மருத்துவர். முழங்காலோடும் கணுக்காலோடும்தான் என் பகல் போகிறது.

காயம் வானத்திலிருந்து விழுவதில்லை. இந்த அணி 2021, 2022, 2023 மூன்று பருவங்களிலும் மாநாட்டு இறுதிவரை (சூப்பர் போலுக்கு முந்திய ஆட்டம்) அல்லது அதற்கும் மேலே போனது. ஒவ்வொரு முறையும் மற்ற அணிகள் ஓய்வெடுக்கும் காலத்தில் மூன்று ஆட்டங்கள் கூடுதல். மூன்று வருடத்தில் ஒன்பது. ஒரு பருவமே 17 ஆட்டம் என்றால் பாதிப் பருவத்துக்கு மேல் அதிகமாக ஆடியிருக்கிறார்கள். அதுவும் மிகக் கடுமையான ஆட்டங்கள். குதிகால் தசைநாண் வீக்கம் ஒரே நாளில் வருவதில்லை. சுமை சேர்ந்து சேர்ந்து வருவது. மக்காஃப்ரிக்கு இரண்டு காலிலும் வந்தது. ஜேர்மனிவரை போய் நிபுணரைப் பார்த்தார். தற்காப்பு வீரர் ட்ரே கிரீன்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் போல் ஆட்டத்தின் நடுவில், ஓரத்திலிருந்து களத்துக்குள் ஓடி நுழையும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. யாரும் அவரைத் தொடவில்லை. அப்படி அறுந்தால் திரும்ப ஓட ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். அவர் பத்து மாதத்தில் வந்தார்.

நம்மூரில் கணுக்கால் பிரண்டால் ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போட்டுக்கொண்டு, வலி நின்ற அன்றே மைதானத்துக்குப் போய்விடுவார்கள். வலி நின்றதும் குணமானதும் ஒன்று என்று நினைப்பு. உங்கள் சிறுவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கும் இடத்திலும் அதே அவசரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஐயூக் சம்பளப் பேச்சு முடியாமல் கோடைப் பயிற்சி முழுவதும் ஆடவில்லை. தாக்குதல் வரிசையில் நிற்கும் ட்ரென்ட் வில்லியம்ஸ், 36 வயது, செப்டெம்பர் பிறந்த பிறகுதான் வந்தார். இருவரும் பருவ நடுவில் வெளியே. அதனால்தான் இது நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உடம்பைத் தயார்ப்படுத்தாமல் நேராகப் போட்டிக்கு வருவதை எந்த இயன்மருத்துவரும் விரும்ப மாட்டார்.

அதற்கு மேல் மனிதர்கள் அவர்கள். பின்களக் காவலர் சார்வேரியஸ் வோர்ட்டின் ஒரு வயதுப் பெண்குழந்தை ஒக்டோபரில் இறந்துபோனது. வில்லியம்ஸின் மகன் நவம்பரில் இறந்தே பிறந்தான். இதையெல்லாம் வெற்றி தோல்விக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இளவாலைக் கோல்காப்பாளன்

தங்கச்சி, பிள்ளைகளை இழந்த கதைக்கு நான் வாய் திறக்க மாட்டேன். அது எந்தக் கணக்கிலும் வராது.

ஒன்பது ஆட்டக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் கன்சாஸ் சிற்றி அந்த மூன்று வருடமும் அதே தூரம் போனது. இரண்டு முறை கிண்ணமும் எடுத்தது. அவர்களுடைய கால்களும் சதையும் நரம்பும்தானே? அவர்கள் காயப்பட்டவனின் இடத்தில் நிறுத்த இளம் ஆட்களை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இல்லை. ஆகவே சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வருகிறீர்.

நீர் கிரீன்லோ பெயரைச் சொன்னதால் டிசெம்பர் 13 காலையைச் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே திருக்கார்த்திகை நாள். வீட்டில் மாலைக்கு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் ராம்ஸ் ஆட்டத்தில் இருந்தேன். சான்டா கிளாராவில் மழை. இரு பக்கமும் ஒரு டச் டவுன் கூட இல்லாமல் 12-6 என்று முடிந்த, பார்க்கச் சகிக்காத ஆட்டம். கிரீன்லோ அன்றுதான் திரும்பி வந்தார். வந்த கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தையே மாற்றிவிட்டார், தற்காப்பு முழுவதும் விழித்துக்கொண்டது. பிறகு அவருக்கு மறுபடியும் வலி. வெளியே வந்தார். பருவம் முழுவதும் அந்த இடத்தில் ஆடிய டெவோண்ட்ரே காம்ப்பெலை இறங்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்.

என் சிறுவர்களில் ஒருவன் இப்படிச் செய்தால் அவனுடைய சப்பாத்தை வாங்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன். கழகமும் அவரை இடைநிறுத்தியது, சரி. ஆனால் ஆத்திரம் அடங்கிய பிறகு யோசித்தேன். இந்த அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தால் அந்த மனிதர் அப்படிப் போயிருப்பாரா? தன்னை ஓட்டை அடைக்கும் சாக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெரிய பெயர்களுக்குக் காசு, மற்றவனுக்குக் காத்திருப்பு. தற்காப்பு வீரர் போஸாவுக்கு 2023இல் ஐந்து வருடத்துக்கு 170 மில்லியன் டொலர். ஐயூக்குக்கு நான்கு வருடத்துக்கு 120. இது தவறு என்று சொல்லவில்லை, இருவரும் கெட்டிக்காரர்கள். ஆனால் எல்லா அணிகளுக்கும் இந்த வருடச் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான், 255.4 மில்லியன். ஒப்பந்தப் பணத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதி இன்றைய கணக்கைக் குறைத்துக் காட்டலாம். போர்ட்டி நைனர்ஸ் அதில் கைதேர்ந்தவர்கள். அப்படித் தள்ளிவிட்ட பணம் அடுத்தடுத்த வருடங்களின் கணக்கில் வந்து உட்காரும். விலைக்கு ஆள் எடுக்கவும் முடியாது, தெரிவில் ஆள் எடுக்கவும் இல்லை.

கொக்குவில் இளையவன்

இவ்வளவு விளக்கத்துக்கு எல்லோருக்கும் நன்றி. அண்ணை, ஒரு சந்தேகம். குவார்ட்டர்பக் பிரொக் பேர்டி 2022 தெரிவில் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்தவர் என்றும், அவருக்கு இந்த வருடம் ஒரு மில்லியன் டொலர் கூட இல்லை என்றும் அத்தான் சொன்னார். அடுத்த வருடம் அவருக்கும் பெரிய ஒப்பந்தம் கொடுக்க வேண்டி வருமாம். அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசமாகுமா?

இளவாலைக் கோல்காப்பாளன்

ஆகும். இவ்வளவு நாளும் மற்ற எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்க முடிந்ததே பேர்டி மலிவாகக் கிடைத்ததால்தான். டலஸ் செப்டெம்பரில் தன் குவார்ட்டர்பக் டக் பிரெஸ்கொட்டுக்கு வருடத்துக்கு 60 மில்லியன் கொடுத்தது. பேர்டியின் ஆட்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேசைக்கு வருவார்கள். நான் என்றால் அதில் பாதியை நீட்டி, சம்மதமில்லையென்றால் வேறு இடம் பாரும் என்பேன். சாமுவேலை விற்றுவிடுவேன். மிச்சக் காசில் முதலில் ஒழுங்கான உதைப்பாளர், உதைப் பிரிவுக்குப் புதிய பயிற்றுநர், தாக்குதல் வரிசைக்கு இரண்டு இளம் மலைகள். குவார்ட்டர்பக் கடைசி.

டெட்ரொயிட் ஆட்டம் எங்களுக்கு 31ஆம் திகதி காலை 6.45க்கு, தம்பி. அந்த அணி எப்படி ஆட்களைச் சேர்த்தது என்று வடிவாகப் பாரும். மூன்று வருடத்துக்கு முன் போர்ட்டி நைனர்ஸ் கொடுத்துத் தொலைத்த மாதிரித் தெரிவுகளை வைத்துத்தான் சேர்த்தார்கள்.

ரொறன்ரோ ராசன்

இளவாலை, நீர் கோல்காப்பாளர் என்பது நன்றாகத் தெரிகிறது. உதைப்பாளருக்கு மாலை, குவார்ட்டர்பக்குக்குக் கதவு! ஒழுங்கான உதைப்பாளரைப் பருவ நடுவில் கூடத் தொலைபேசியில் கூப்பிட்டு எடுக்கலாம். குவார்ட்டர்பக் அப்படிக் கிடைப்பாரா? லான்ஸுக்காக எத்தனை முதல் சுற்றுத் தெரிவுகளைக் கொட்டினார்கள் என்று நீர்தானே மேலே எழுதினீர்? பேர்டியை அனுப்பிவிட்டால் அடுத்தவருக்கு எதைக் கொடுக்கப்போகிறீர்?